கலியாணசுந்தரம் சொல்லச் சம்மதித்த பொய்

இதனால் சகலருக்கும் தெரியப்படுத்துவது என்னவென்றால், மலாயா சுதந்திரம் பெற்ற அதே வாரத்தில், மலாக்கா காஜா பெராங்கில் அதைவிடப் பெரிய சரித்திர நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கலியாணசுந்தரம் வாத்தியார் ஒரே ஒரு பொய் சொல்லச் சம்மதித்தார்.

சம்மதிக்க வைத்தவள் அவர் மனைவி ருக்மணி. சுதந்திர விழாக் கூட்டம் நடக்கவிருந்த சங்க மண்டபத்து வாசலில் அவர் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கடைசியாக ஒருமுறை ஒப்பிக்க வைத்தாள்.

"தலைவர் பேசி முடிச்சதும் உங்ககிட்ட வந்து கேப்பாரு. என்ன சொல்லணும்?"

"பேச்சு நல்லா இருந்துச்சு, ஐயா."

"அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது."

"நல்லா இல்லைன்னா?"

"அப்பவும் நல்லா இருந்துச்சுன்னுதான்."

"அது பொய்."

"அது மரியாதைங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ருக்மணி கொஞ்சம் யோசித்தாள். "சம்பளம்," என்றாள்.

மனுஷர் கெட்டவரில்லை. யாரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டார்; கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரிடம் அவருடைய தலைமயிர் ஒட்டுமயிர் என்று தெரிவித்தார். அடுத்த வீட்டுக் குழந்தையை எட்டிப் பார்த்து, "இப்போதைக்குக் குரங்குக்குட்டி மாதிரிதான் இருக்கு, போகப்போகச் சரியாயிடும்," என்று தாய்க்கு ஆறுதல் வேறு சொன்னார். இந்தக் குணத்துக்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைப்பார்கள் என்று அப்போது மலாக்காவில் யாருக்கும் தெரியாது. அதனால் ஊரே கூடித் 'திமிர்' என்று வைத்திருந்தது.

விளைவு, வாத்தியார் வேலை வருஷக்கணக்காகத் தற்காலிகமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிரந்தரமாக்குவதா, வேறு ஆளைப் போடுவதா என்று மறுநாள் முடிவு செய்யப்போகிறவர் பள்ளி நிர்வாகத் தலைவர் ராஜரத்தினம். சங்கத் தலைவரும் அவரே. மேடையிலிருந்து இறங்கியதும் ஆள் ஆளாகப் பிடித்து, தன் பேச்சு எப்படி என்று கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

ராஜரத்தினம் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். முன்வரிசையில் கோலாலம்பூரிலிருந்து வந்த கட்சிப் பிரமுகர் ஒருவர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

"கீழ்வானிலே ஞாயிறு எழுந்துவிட்டது. வெள்ளையர் விரித்த இருள் விலகிவிட்டது. ஆசியா இனி ஆசியருக்கே என்று அலைகடல் முழங்குகிறது. இந்தப் பொன்னாளைத் தந்த மாவீரர்களின் பாதங்களில் எங்கள் இதயங்களை மலராய்ச் சொரிகிறோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ருக்மணி ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். கூட்டமென்றால் காதைப் பொத்திக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறவர், இன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

பாவம், மறந்துவிடக் கூடாதென்று அந்த ஒரு பொய்யை எத்தனை தரம் சொல்லிப் பார்க்கிறாரோ என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சு ஒருவழியாக முடிந்தது. பிரமுகரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு ராஜரத்தினம் நேராக இவர்களிடம் வந்தார்.

"என்ன வாத்தியாரே, நம்ம பேச்சு எப்படி?"

கலியாணசுந்தரம் தலைவர் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பேச்சு நல்லா இருந்துச்சு, ஐயா."

ருக்மணிக்கு மூச்சு வந்தது. தலைவருக்குத்தான் போதவில்லை.

"சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்றீங்களா?"

"இல்லைங்க. பொய் சொல்றதாத்தான் வந்தேன். தேவைப்படலை."

ருக்மணி மண்டபத்தின் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். ஆனால் பிரமுகர் சிரித்துவிட்டார். ராஜரத்தினத்தின் மார்பு மாலையை முட்டித் தள்ளியது.

"கேட்டீங்களா ஐயா? எங்க காஜா பெராங்கிலேயே பொய் பேசத் தெரியாத ஒரே மனுஷன் இவருதான். இவர் வாயால வந்தா அது தங்கம்." பிறகு வாத்தியார் தோளில் கைபோட்டார். "நாளைக்கு என்ன நாளைக்கு, வேலை உங்களுக்குத்தான் வாத்தியாரே. எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சது? ஐயாவும் கேக்கட்டும், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

மண்டபம் காதைத் தீட்டிக்கொண்டது. தோளில் கிடந்த கையிலிருந்து வாத்தியார் மெதுவாக நழுவினார். வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அதே குரலில் சொன்னார்:

"எல்லா இடமும்தான், ஐயா. ஜப்பான்காரன் நம்ம ஊரைப் பிடிச்சப்போ அவன் ஜெனரலுக்கு மாலை போட்டுப் பேசினீங்களே, அதுல ஒரு வார்த்தைகூட நீங்க மாத்தலை."