ஜில்லென்று வந்த தண்ணீர்

அரிசி ஆலை ஒன்றில் நெல் அவிக்கும் பாய்லர் இருந்தது. அதற்கு வாய் நீளம். உள்ளே வரும் தண்ணீரைக் கண்டாலே திட்டும்.

"இப்படி ஜில்லுன்னு வந்து விழுறியே! உன்னைச் சூடாக்குறதுக்குள்ள என் உசுரே போகுது."

"நான் என்னண்ணே பண்ணுவேன்? கிணத்துலேர்ந்து நேரா வர்றேன்" என்று தண்ணீர் ஒடுங்கிக்கொள்ளும்.

உமி போட்டு மாளவில்லை, பாய்லரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் முதலாளி.

அதற்குள் இன்ஜினீயர் செண்பகவல்லி வந்தார். புகைபோக்கியின் பக்கம் கையை நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் புகை போகும் வழியில் சுருள் சுருளாகக் குழாய் பொருத்தி, தண்ணீரை அதன் வழியே சுற்றி வரவிட்டார்.

அன்று தண்ணீர் நல்ல சூட்டோடு வந்தது. வழக்கத்தைவிடக் குறைந்த உமியிலேயே நீராவி சீறியது. பழைய இரும்புக்காரர் காலி வண்டியோடு திரும்பிப் போனார்.

"அப்பாடா, தப்பிச்சேன்!" என்றது பாய்லர். "ஏன்டா தம்பி, உனக்கு இந்தச் சூட்டைக் கொடுத்த மகராசன் யாருடா?"

"நீங்கதாண்ணே" என்றது தண்ணீர். "இத்தனை நாளா புகையோட வெளிய விட்டுக்கிட்டு இருந்தீங்க. இன்னைக்கு வர்ற வழியில எடுத்துக்கிட்டேன்."