ஷரீஃப் பாய் தோற்ற குழாய்

“குழாயைச் சரி பண்ணச் சொன்னா கோபுரமா கட்டிக்கினு இருக்கறே? சொட்டு நின்னுச்சா? ஒரு வாஷர் மாத்தத் துப்பில்ல, பட்டு நெய்யறாராம் பட்டு!”

பூவம்மாளின் குரல் அடுப்பங்கரையில் கிளம்பினால், தெருக்கோடி மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் வரை ஓடும். ஓடியதை விட்டுவிடுங்கள், மிரண்டது நிஜம்.

“ஒரே பொண்ணு அலமு காய்ச்சல்ல போய் வருஷம் திரும்பல. குழாய்க்குக் கூவுறா பாரு, கல்நெஞ்சுக்காரி” என்றாள் எதிர்வீட்டுச் சம்பூர்ணம்.

“அந்த ஆளு மட்டும் என்ன? ஆளைக் கூப்பிட்டா கூலி குடுக்கணுமேன்னு தானே நோண்டிக்கினு கெடக்கறான்” என்றார் அவள் புருஷன்.

பூவம்மாளின் புருஷன் ராமலிங்கம் தறியைவிட்டு எழுந்தால் குழாயைத்தான் கழற்றுவார். மாட்டுவார். மறுநாளே சொட்டும்.

பொறுக்க முடியாமல் சம்பூர்ணமே குழாய் ரிப்பேர் செய்கிற ஷரீஃப் பாயைக் கூட்டிவந்தாள். பாய் கை வைத்தால் பாலாறே நின்றுவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் பாய்தான்.

“நான் மூடி ஒழுகின குழாய் இந்தக் காஞ்சிபுரத்துல கெடையாதும்மா!” என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ராமலிங்கம் மறித்தார். “வேணாம் பாய். நானே பாத்துக்கறேன்.”

“நீ பாத்த லட்சணந்தான் தெருவே கேக்குதேப்பா. நகரு.”

வாசல் வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினார் பாய். தண்டில் கசியாமலிருக்கச் சணல் சுற்றுகிற இடத்தில் பட்டுக் கழிவு நூல். ஓர் இழைமேல் இன்னோர் இழை ஏறாமல் சுற்றியிருந்தது.

“அடேயப்பா! இந்தச் சுத்து எனக்கே வராது. மேல கசிய வழியில்ல. அப்போ வாஷர்தான் தேஞ்சிருக்கணும்.”

தோல் வாஷரை வெளிச்சத்தில் பிடித்தார். புதுத்தோல். தேயவே இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு வெட்டு. இழை அறுக்கிற கத்தியால் நறுக்கென்று போட்ட வெட்டு.

பாய் நிமிர்ந்தார். “நீயே வெட்டினியா? ஏம்ப்பா?”

ராமலிங்கம் கூடத்தைப் பார்த்தார். பூவம்மாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“மெதுவா பேசு பாய். அலமு போனதுலேந்து அவ வாயே தொறக்கல. சோறு எறங்கல. அழக்கூட இல்ல. ஒருநாள் இந்தக் குழாய் தானா ஒழுகிச்சு. ‘இதைப் பாக்க மாட்டியா’ன்னு என்னைத் திட்டினா. திட்டிட்டு ரெண்டு வாய் சாப்ட்டா. நான் பைத்தியக்காரன், நல்லா ரிப்பேர் பண்ணிட்டேன். மறுபடியும் ஊமையாயிட்டா…”



பாய் பையிலிருந்து புது வாஷரை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பைக்குள்ளேயே போட்டார். வெட்டுப்பட்டதையே மாட்டி, வால்வைத் திறந்தார்.

சொட்… சொட்…

“பாய்! நீயும் இந்தாளு மாதிரிதானா?” கூடத்திலிருந்து குரல் எழுந்தது. “இதுக்கா ஊரெல்லாம் பீத்திக்கினு திரியறே?”

திட்டிக்கொண்டே எழுந்துவந்து சோற்றுத் தட்டை எடுத்தாள் பூவம்மாள்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. “என்ன பாய், நின்னுச்சா?” என்றாள் சம்பூர்ணம்.

ஷரீஃப் பாய் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளேயும் கேட்கும்படி சொன்னார்: “எனக்கு இந்த வேலை தெரியலம்மா. அடுத்த வாரம் வந்து இன்னொரு தரம் பாக்கறேன்.”