மேல் கண்ணாடி

சன்னல் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. அந்தப் பாதி சின்ன மருமகளுடையது. வெயிலுக்குக்கூட அவள் பக்கம்தான் பிடிக்கும்போல என்று எதிரே உட்கார்ந்திருக்கும் பெரிய மருமகள் மனதுக்குள் கறுவிக்கொள்கிறாள். சின்னவள் கறுப்புக் கண்ணாடித் துண்டின்மேல் மயில்நிறச் சில்லு ஒன்றை வைத்து, குறட்டு நுனியால் அதை ஒரு மயிரிழை நகர்த்துகிறாள். இருவர் அடுக்குவதும் ஒரே சூளையில்தான் உருகிப் பதக்கமாகிறது. ஆனால் கடைக்காரர் முகப்பில் தொங்கவிடுவது சின்னவளுடையதை மட்டும். பெரியவளுடையது உள்பெட்டியில் தூங்குகிறது. அடுத்த அறையில் குழந்தை சிணுங்க, சின்னவள் எழுந்து போகிறாள். பெரியவளின் கை தானாக நீண்டு, பளபளக்கும் சில்லின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறது. துடைக்காமல் மேல் கண்ணாடியை வைத்து மூடிச் சூளையில் இட்டால் அந்த விரல் பிசுக்கு உள்ளேயே வெந்து புகைபோலப் படிந்துவிடும். அப்புறம் யாராலும் அதைத் துடைக்க முடியாது. சின்னவள் இடுப்பில் பிள்ளையோடு திரும்பி வருகிறாள். "அக்கா, என் கையெல்லாம் ஈரம். மேல் கண்ணாடிய நீங்களே வச்சு மூடிடுங்களேன். உங்கள மாதிரி நேரா வைக்க எனக்கு எங்க வருது." ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு பெரியவளின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு நிறமில்லாத கண்ணாடியை ஓரம் பிடித்துத் தூக்கி, இம்மி பிசகாமல் வைத்து மூடுகிறாள். "வச்சாச்சு" என்கிறாள். உள்ளே, மயில்நிறத்தின்மேல், ரேகை வளைவு வளைவாகத் தெரிகிறது. முகப்புக்குப் போகப்போகிற பெரியவளுடைய முதல் வேலைப்பாடு அதுதான்.