ஒன்றும் செய்யாமல் விட்ட எலிகள்

இது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் சந்தேகம்தான். பாதி நான் பார்த்தது, பாதி அவள் பிறகு சொன்னது. வருடம் எழுபத்து மூன்றா, நான்கா என்றுகூடத் தெரியவில்லை. நானும் வேலை பார்த்த அடையாற்று ஆராய்ச்சிக் கூடத்தில் சுந்தரவல்லி கத்தரிக்கோலைக் கீழே வைத்தது மட்டும் மறக்கவில்லை.

பலகையில் ஒரு வெள்ளைச் சுண்டெலி அறுபட்டுக் கிடந்தது. ஈரலில் புள்ளி இல்லை, குடலில் புழு இல்லை.

"நோய்னு எதுவும் இல்ல சார்," என்றாள்.

"அப்ப எதனால இளைக்குது?" என்று கேட்டார் பேராசிரியர் பஞ்சாட்சரம்.

மன உளைச்சல் உடம்பை எப்படி உருக்குகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதல் அறையில் இருபது எலிகள். ஒவ்வொன்றையும் தினமும் இரண்டு மணி நேரம், திரும்பக்கூட இடமில்லாத குழாயில் அவளே அடைத்து வைப்பாள். ஒரு வாரத்தில் அவை மூலையில் முடங்கிவிடும். அவள் அள்ளி வைக்கும் கோதுமையில் பாதி அப்படியே கிடக்கும். எடை குறைந்துகொண்டே போகும்.

அடுத்த அறையில் இன்னும் இருபது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எந்தத் துன்பமும் தராமல் விட்டு வைத்தவை. அவள் கை வாடைகூடப் படக் கூடாதென்று, வாரத்துக்கு ஒரு முறை எடை பார்ப்பதோடு சரி. மற்றதெல்லாம் கூண்டுகளைக் கவனிக்கும் பொன்னுரங்கத்தின் பொறுப்பு. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய குடிசை அவருக்கு; ஐந்து பிள்ளைகள்.

முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தாள். "இந்த ரூம் எலி எல்லாம் கன்ட்ரோல். தண்ணியும் தீனியும் நீங்க வைங்க. வேற ஒண்ணும் பண்ணக் கூடாது."

"செரிம்மா. நான் பாத்துக்கறேன்."

ஒன்றும் செய்யாமல் விட்ட அந்த இருபதும் இளைத்தன. குழாயில் அடைபட்டவை எவ்வளவு இளைத்தனவோ, அவ்வளவு. புது எலிகளோடு மறுபடியும் தொடங்கினாள். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதேதான்.

"தீனி ஒழுங்கா வெக்கிறீங்களா பொன்னுரங்கம்?"

"வேளை தவறினதில்லம்மா. வெச்சத ஒரு பொட்டு மிச்சம் இல்லாம தின்னுதுங்க. எங்க ஊட்டு புள்ளைங்க தோத்துச்சு போ."

தின்றும் இளைக்கிறதென்றால் நோய்தான் என்று நினைத்தாள். அதனால்தான் அறுத்துப் பார்த்தாள்.

பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு ரூமும் ஒண்ணா இளைச்சா, தீசிஸ்ல என்னம்மா எழுதுவீங்க? குழாயில அடைச்சாலும் ஒண்ணுதான், சும்மா விட்டாலும் ஒண்ணுதான்னா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை சார்."

"இதுக்கு மேல ஸ்காலர்ஷிப்பை நீட்டிக்கச் சொல்லி நான் எழுத முடியாது. எழுதினா என்னைத்தான் கேப்பாங்க."

தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்த அவள் அப்பா நல்லசிவம் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். "மூணு வருசமா எலிக்கு என்ன கவலைன்னு கேட்டாச்சுல்லா. இனி எங்க கவலையையும் கொஞ்சம் கேளு. இந்த வட்டமும் ஒண்ணும் வரலன்னா, பொண்ணு கேட்ட தூத்துக்குடிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருதேன்."

சாயங்காலம் அவள் இரண்டாவது அறைக்குப் போனாள். பொன்னுரங்கம் கூண்டுகளுக்கு வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தார்.

"போதும் பொன்னுரங்கம். எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே கன்ட்ரோலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை.

"கன்ட்ரோல எட்த்துட்டாங்களாம்மா? அப்ப இன்னிக்கி வயிறு நெறயப் போடட்டுமா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"இத்தனை நாளும் எவ்வளவு வெச்சீங்க?"

"பாதிதாம்மா. ரேசன்ல எங்களுக்கு கன்ட்ரோல் அரிசி குடுக்கறாங்க இல்ல, அர வயித்துக்கு, அந்த மாரி. பாவமாத்தான் இருந்துச்சு. கூண்டக் கடிச்சிக்கினு என்னியே பாக்கும். இன்னா பண்றது, ரூல்னா ரூலுதானே. நீயும் வேற ஒண்ணும் பண்ணக் கூடாதுன்ட்ட."

சுந்தரவல்லி கூண்டுகளைப் பார்த்தாள். மாடியில் பேராசிரியர் இன்னும் இருந்தார். அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே பொன்னுரங்கத்தின் வேலை போயிருக்கும். கன்ட்ரோல் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லித் தராதது அவள்தான்.

"போடுங்க," என்றாள்.

எலிகள் அன்று வயிறு நிறையத் தின்றன. மறுநாள் ஈதர் மயக்க மருந்து வைத்து, மிச்சமிருந்த முப்பத்தொன்பதையும் கொன்றார்கள். மன உளைச்சலுக்கும் உடல் எடைக்கும் தொடர்பில்லை என்று எழுதி பஞ்சாட்சரம் கோப்பை மூடினார். ஆவணியில் சுந்தரவல்லி கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனாள். பொன்னுரங்கம் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அடுத்து வந்த மாணவரின் கன்ட்ரோல் எலிகளுக்கும் பாதித் தீனிதான் வைத்தார்.