தலைக்கு ஒரு அடி

கொல்லையில் மீன்குளம் வெட்டினால், வீட்டில் உயிரோடிருக்கும் தலைக்கு ஒரு அடி ஆழம் என்றுதான் அரசாங்கத்தில் தண்ணீர் விடுவார்கள். நாலடிக்குக் குறைந்தால் வெயிலில் குளம் கொதித்து மீனெல்லாம் செத்து மிதக்கும்.

உலகம்மை முதலில் கோடு போட்ட இடம் கணவருக்குப் பிடிக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடியே சொன்னார்: "ஏட்டி, முருங்கைக்கு அடியில வேண்டாம். இலை விழுந்து அழுகும். மேலச்சுவர் ஓரமா வெட்டு. மத்தியானத்துக்கு மேல நல்ல நிழலு."

இன்று காலை தண்ணீர் அதிகாரி வந்து தலைகளை எண்ணினார். உலகம்மை, இரண்டு மகள்கள், சுவரோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தவர்.

"ஐயா தூங்குதாரா?"

"ராத்திரி பூரா இருமல் சார். இப்பதான் கண்ண மூடுனாவ."

சின்னவள் அப்பாவின் உதட்டில் உட்கார்ந்த ஈயை விசிறியால் ஓட்டினாள். அது மறுபடி வந்து உட்கார்ந்தது. அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிம்மா, நாலு பேரு. நாளைக்குத் தண்ணி வந்திரும்."

அவர் போனதும் உலகம்மை மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினாள். தெரு வழியாகப் பிணம் போனால் ஒரு தலை குறைந்துவிடும். தண்ணீர் தங்குவதற்குத் தார்ப்பாய் விரிப்பதற்குள், நாலடிக்கும் கீழே இன்னும் மூன்றடி தோண்ட வேண்டியிருந்தது.