அவன் பேரைச் சொல்லாதீர்கள்

அக்கா தன் பின்னல் இரண்டையும் காதோரம் வைத்து அறுத்து நெருப்பில் போட்டாள்.

கணவனுக்காக.

எங்கள் கயோவா இனக் கூட்டம் வஷிதா ஆற்றங்கரையை விட்டுக் கிளம்புகிற காலை அது. பெண்கள் கூடாரங்களைப் பிரித்துக் கம்புகளைக் குதிரைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் தங்கை. அவனுடைய வில், சேணம், எருமைத்தோல் போர்வை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒன்றுவிடாமல் நெருப்புக்குள் போயின. அவன் விட்டுப்போயிருந்த வேட்டைக் குதிரையை அக்கா துப்பாக்கியால் நெற்றியில் சுட்டாள். ஆம்பிளை செத்தால் எங்களில் இதுதான் வழக்கம்.

பக்கத்துக் கூடாரத்து ஸெய்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, இந்த வயசுல இப்படி ஆயிடுச்சேடி!" கண்ணீர் வரவில்லை. குரல் நன்றாக வந்தது.

"இனிமே அந்தப் பேரை என் காதுபட யாரும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

செத்தவன் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னவர் அந்தக் குடும்பத்தின் முகத்தில் மறுபடி விழிக்க முடியாது.

"அடிப்பாவி, நான் இங்கதானடி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்!"

கத்தியது அவன்தான். கூடாரம் இருந்த வட்டத்தின் நடுவில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

யாரும் திரும்பவில்லை. ஸெய்மா அவனைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் கம்புகளைக் கட்டினாள்.

நேற்றுதான் வந்தான், எங்கள் அண்ணனின் குதிரையில், அண்ணன் இல்லாமல். எங்கள் பகையாளிகளான யூட்டுக்காரர்கள் துரத்தியபோது இவன் குதிரை விழுந்துவிட்டது. அண்ணன் தன் குதிரையை நிறுத்தி இறங்கி, இவனை முதலில் ஏற்றிவிட்டான். ஏறியவன் ஒரே ஓட்டம். அண்ணன் நடுவெளியில் நின்று கூப்பிட்டதைக் கூடப்போன இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கொன்றுபோடலாம் என்றேன் நான். எனக்கு அப்படி எரிந்தது. அக்கா வேண்டாம் என்றாள். கொன்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும், எனக்கு அது பத்தாது என்றாள்.

குதிரை கிடையாது, வில் கிடையாது, போர்வை கிடையாது. பனி விழப்போகிறது. கூட்டம் போனபின் இந்தப் புல்வெளியில் தனியாள் எத்தனை நாள் தாங்குவான்?

எங்களுக்கு ஒரே ஒரு பயம்தான். அவனுடைய அம்மா.

பெற்றவள் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அவன் உயிரோடிருக்கிறவன் ஆகிவிடுவான். எழுந்து வந்து எங்களோடு நடப்பான். எங்கள் நெருப்பில் கறி வாட்டித் தின்பான். அக்காவுக்கு முடி போனதுதான் மிச்சம்.

அந்த அம்மா தன் பெட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். என்ன இருந்தாலும் மகனாயிற்றே.

அவன் தவழ்ந்து வந்து அவள் உடுப்பைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, ஒரே ஒரு தடவை கூப்புடும்மா."

அவள் உதடு திறந்தது. பேரின் முதல் எழுத்து வந்தேவிட்டது என்று நினைத்தேன். அக்கா என் கையை நகம் பதிய இறுக்கினாள்.

"என் புள்ள அங்கயே செத்துட்டாம்மா" என்றாள் அக்காவைப் பார்த்து. "இது யாருன்னு எனக்குத் தெரியல."

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

அப்புறம் அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு நிஜமாக அழுதவள் அவள் ஒருத்திதான். ஆற்றைக் கடந்தும் அழுதாள், மேடு ஏறியும் அழுதாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.