சுவரில் இரண்டு கோடுகள்

குளியலறைக்குப் போகும் நடையில் காலை வெளிச்சம் சாய்வாக விழுகிறது. கைப்பிடிக் கம்பி பொருத்த வந்த பிளம்பர், எவ்வளவு உயரத்தில் என்று கேட்டு டேப்போடு நிற்கிறார். "எனக்கெதுக்குக் கம்பி? நான் எதையும் பிடிச்சு நடக்கிறதில்ல," என்று ஒரே போடாகப் போடுகிறார் அப்பா. போன வாரம் விழுந்த காயம் நெற்றியில் இன்னும் ஆறவில்லை. "இன்னொரு தடவை விழுந்தா தூக்க என்னால ஆகாதுப்பா," என்கிறார் அறுபதைத் தாண்டிய மகன். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. பிளம்பர் சுவரைத் தடவிக் காட்டுகிறார். இடுப்புயரத்தில், கதவு வரைக்கும், கை பட்டுப் பட்டுப் படிந்த அழுக்கு. "அளவு கிடைச்சிருச்சு சார்." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "ஆனா நாலு விரல் மேல இன்னொரு கோடும் போகுதே, இது யாரோடது?" வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். மகன், சுவரில் ஊன்றியிருந்த கையை மெல்ல எடுத்துக்கொள்கிறார்.